அம்மாவைப் பார்க்க ஆள் எடுத்தோம்: ஏழு மாதக் கணக்கு

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் தங்கி நின்று பார்க்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். தொடக்கத்தில் பதிவுக் கட்டணம் என்று 10,000, அது திரும்பி வராது. சாப்பாடு நம்முடையது. மாதம் 84,000 ரூபாய் அங்கே போகிறது. பம்பஸ், கையுறை, சீனி பார்க்கும் பட்டி, மெத்தைக்கு ஓடும் கரண்ட் எல்லாம் வேறு. கனடாவில் இருக்கும் தங்கச்சி முக்கால் பங்கு அனுப்புகிறாள், மிச்சம் நான். தபாலதிபர் சம்பளத்தில் அதற்கு மேல் இழுக்க முடியாது.

ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பயத்தால் அல்ல. மட்டக்களப்பு சின்ன ஊர். நிறுவனத்தின் பெயரைப் போட்டால், நான் சொல்லப்போகும், அவர்கள் அனுப்பிய பிள்ளை யாரென்று ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. போன கார்த்திகையில் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இருபது வருஷமாகச் சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின். கல்லடியில் தங்கச்சியின் வீட்டில்தான் இருக்கிறா. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்கு. அப்படி நான் முப்பது வருஷமாகச் செட்டிபாளையத்துக்காரன். வீட்டுக்குச் சொந்தக்காரி டொரொண்டோவில், அம்மா கல்லடியில், நான் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில். கொஞ்சம் நடக்கிற காலத்தில் செட்டிபாளையத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன். மகளின் வீட்டை விட்டு மருமகள் வீட்டில் போய்க் கிடக்க அம்மா சம்மதிக்கவில்லை. இப்போது சம்மதம் கேட்கவும் வழியில்லை.

நிறுவனத்தின் ஒபீஸ் நகரத்துக்குள் ஒரு மாடியில் இருக்கிறது. குளிரூட்டி, கண்ணாடி மேசை, சிரித்த முகத்தோடு ஒரு பெண்பிள்ளை. பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பிரேம் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் காட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் வாசித்தால் அது வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதே தாள்தான். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை என்று ஒன்றும் இருக்கிறது, அந்தப் பதிவு உண்டா என்றேன். “நாங்க ஆஸ்பத்திரி இல்லையே அங்கிள், ஆள் மட்டும்தான் அனுப்புறம்” என்றாள். அந்தப் பதிலோடு நான் எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவை அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வீட்டுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆள் தேடுகிற எல்லாரும் அந்த மாதிரி ஒரு நாளில்தான் தேடுகிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில். தமிழில் கேட்டதற்கு இரண்டு மாதம் கழித்துத் தந்தார்கள். அதில் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவர்கள் அனுப்பும் ஆளை நாங்கள் நேரடியாக வேலைக்கு எடுத்தால் ஒரு லட்சம் தண்டம். மருத்துவ அவசரம் எதற்கும் நிறுவனம் பொறுப்பில்லை.

பொலிஸ் நற்சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் கேட்ட உடனே தந்தார்கள். அதில் குறை இல்லை. நானும் என் பங்குக்கு அம்மாவின் காப்பையும் சங்கிலியையும் கழற்றி எடுத்து, ஒரு தாளில் எழுதி, வந்த பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினேன். அவளுக்கும் அது நல்லதுதானே, நாளைக்கு ஒரு சாமான் காணவில்லை என்றால் முதலில் பார்வை போவது அவள் பக்கம்தான். இந்த ஏழு மாதத்தில் வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூடக் காணாமல் போகவில்லை. ஆள் எடுப்பது என்றாலே நம் ஆட்களுக்கு நகையைப் பற்றிய பயம்தான் முன்னுக்கு நிற்கிறது. எங்களுக்கு ஆபத்து வேறு பக்கத்தால் வந்தது.

முதல் வந்த பிள்ளை செங்கலடிப் பக்கம். ஆறு கிழமை நின்றாள், பிறகு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்ல சுத்தம். அவள் இருந்த காலத்தில்தான் முதுகடியில் சிவப்பு வந்தது. நான் மகன், அம்மாவின் முதுகடியை நான் பார்க்க முடியாது. எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. என் மனிசி சனிக்கிழமைகளில் வந்து உடம்பு துடைப்பா, அவதான் கண்டா. இரண்டு ரூபாய்க் குத்தி அளவில் சிவப்பு, விரலால் அமத்தினாலும் வெளிறவில்லை. அமத்தும்போது வெளிறினால் பரவாயில்லை, வெளிறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

நிறுவனம் தந்த கோவையை எடுத்துப் பார்த்தேன். வழவழப்பான அட்டை, நாளுக்கு ஒரு பக்கம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததற்குக் கட்டம். இரவு 10, 12, 2, 4 எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறது. ஒரே பேனை, ஒரே சாய்வு. முப்பது வருஷமாகப் பதிவுத் தபால் புத்தகம் பார்க்கிறவன் நான். அந்தந்த நேரத்தில் போட்ட கையெழுத்து எது, ஒரே இருப்பில் இருந்து போட்டது எது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் பக்கத்தைத் திருப்பினேன். அதிலும் மத்தியானம் வரை போட்டு வைத்திருந்தது.

பிள்ளையைக் கூப்பிட்டு ஏசலாம் என்றுதான் நினைத்தேன். அவளைப் பார்த்தால் கண் இரண்டும் குழிக்குள். பகல் முழுக்கச் சமையல், துடைப்பு, உடுப்பு, மருந்து. இரவு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி, அறுபத்தெட்டுக் கிலோ அம்மாவைத் தனியே புரட்ட வேண்டும். கிழமையில் ஏழு நாளும். யாரால் முடியும்? “24 மணித்தியாலச் சேவை” என்று விளம்பரத்தில் போட்டிருப்பது ஒரே ஒரு பிள்ளையின் நித்திரையை. அதை விற்றவர்களுக்கும் இது தெரியும், வாங்கின நானும் கணக்குப் பார்த்திருக்கலாம்.

நிறுவனத்தில் ஒரு மேற்பார்வை நர்ஸ் இருக்கிறா, ஓய்வு பெற்றவ. மாதம் ஒரு முறை வருவா என்பது ஒப்பந்தம். ஏழு மாதத்தில் வந்தது மூன்று தரம். ஆனால் வந்த அந்த மூன்று தரமும் தங்கம். மருந்துக்கடையில் நான் வாங்கி வைத்திருந்த ரப்பர் வளையத்தை முதலில் தூக்கி எறியச் சொன்னா. நடுவில் ஓட்டை இருப்பதால் பாரம் விழாது என்று நினைத்திருந்தேன். வளையத்தின் விளிம்பு சுற்றிவர அமத்தி அந்த இடத்துக்கே இரத்தம் போகாமல் செய்துவிடுமாம். நேர் பக்கமாகப் படுக்க வைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சரித்து விடுவது, குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது, புண்ணுள்ள இடத்தில் பவுடர் போட்டுத் தேய்க்காமல் விடுவது எல்லாம் அவ சொன்னதுதான். காற்று மெத்தையை இரண்டாங்கையாக 9,500க்கு வாங்கினேன். மெத்தை இருந்தால் இரவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் காலையில் தோலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றா. இப்போது இரவில் பத்துக்கும் இரண்டுக்கும் ஆறுக்கும். சிவப்பு மூன்று கிழமையில் மறைந்தது.

இரண்டாவது வந்தவள்தான் வாகரைப் பிள்ளை. இருபத்துநாலு வயது. அம்மாவை “அம்மம்மா” என்பாள், என்னை “மாமா”. பத்து நாள் பயிற்சிதான் நிறுவனம் கொடுத்தது, மிச்சமெல்லாம் சொந்த அம்மம்மாவைப் பார்த்த பழக்கம். என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்து இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டும் என்று இரவில் படிக்கிறாள். அம்மாவை நிமிர்த்தி இருத்தி, தாடையைக் கொஞ்சம் கீழே வைத்து, சின்னக் கரண்டியால் தீத்துவாள். விழுங்கிவிட்டாவா என்று பார்த்து, வாய் வெறுமையான பிறகுதான் அடுத்த கரண்டி. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குச் சரிய விடமாட்டாள். பாரிசவாதக்காரருக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலாகி அதிலே போய்விடுவது உண்டு என்று வாட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதை இவளுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வரவில்லை. இவள் வந்த பிறகுதான் அம்மா சிரித்தா. இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், அம்மாவுக்கு இரண்டாவது ஊசியைப் போட்டது இவள்தான்.

சித்திரை வருஷத்துக்கு லீவு கேட்டாள். ஐந்து நாளைக்குப் பதில் ஆளாக வெல்லாவெளியிலிருந்து ஒரு அக்காவை அனுப்பினார்கள். அவவும் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ போக, வாகரைப் பிள்ளை வர வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் போகிறவருக்கு ஏழு மணியோடு சம்பளம் முடியும், வருகிறவருக்கு எட்டு மணிக்குத் தொடங்கும். இடையில் இருக்கும் ஒரு மணித்தியாலம் யாருடைய கணக்கிலும் இல்லை. வெல்லாவெளி அக்கா படுவான்கரைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வருகிற பிள்ளைக்கு வேலை குறையட்டும் என்று நல்ல மனதோடு ஆறரைக்கே காலை இன்சுலின் 14 யூனிட்டைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாமியை அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுப் போயிருக்கிறா. கோவையில் “மருந்து” என்ற கட்டத்தில் ஒரு சரி. என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுத அதில் இடமே இல்லை. அதோடு, மத்தியானம் வரைக்கும் முன்கூட்டியே சரி போடும் பழக்கம் எல்லாருக்கும் இருந்ததால், அந்தக் கோவையை நம்பி யாரும் பார்ப்பதும் இல்லை.

இவள் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க வந்தாள். அவளுடைய வழக்கமான ஊசி நேரமே அதுதான். “அம்மம்மா, ஊசி போடுவமா எண்டு கேட்டன் மாமா. ஓம் எண்டு தலையாட்டினா” என்று பிறகு அழுதாள். அம்மா இப்போது எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் தலையாட்டுவா. மழை பெய்யுதா என்றாலும் ஓம், நான் யாரோ ஒருத்தனா என்றாலும் ஓம்.

இன்னொரு 14 யூனிட். அன்றைக்கு அம்மா இரண்டு இடியப்பத்துக்கு மேல் சாப்பிடவும் இல்லை.

பத்தரைக்கு அம்மாவின் சட்டை நனைந்து ஊறிவிட்டது. வெயில் என்று விட்டிருக்கலாம், சித்திரை மாதம்தானே. இவள் விடவில்லை. விரலில் குத்திப் பார்த்தாள், 41. எழுபதுக்குக் கீழே போனாலே சீனி குறைவு. அம்மா அரை மயக்கம். அந்த நேரத்தில் நானாக இருந்தால் சீனித் தண்ணீரை வாயில் ஊற்றியிருப்பேன், அது நேரே நெஞ்சுக்குள் போயிருக்கும். இவள் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்துவிட்டு, எனக்கும் எடுக்காமல், ஒபீஸுக்கும் எடுக்காமல், முதலில் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுத்திருக்கிறாள். ஒபீஸ் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு நேர் எதிர்: முதலில் ஒபீஸ், பிறகு வீட்டுக்காரர், கடைசியில் அம்புலன்ஸ். அவள் அதை மீறியதால் அம்மா இருக்கிறா. சுவசெரிய அம்புலன்ஸ் கால் மணித்தியாலத்துக்குள் வந்தது. காசு இல்லை. அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அம்புலன்ஸில் வந்த தம்பி கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. என்ன இன்சுலின், எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு? எழுபது பக்கக் கோவையில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. வெல்லாவெளி அக்காவுக்கு போன் எடுத்த பிறகுதான் இரண்டு ஊசி என்று தெரியவந்தது. அம்மா போடுவது கலப்பு இன்சுலின். அதில் ஒரு பகுதி உடனே வேலை செய்யும், மற்றப் பகுதி நாள் முழுக்க மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் குளுக்கோஸ் ஏற்றிக் கண் முழித்த பிறகும் அன்றிரவு திரும்ப இறங்கியது. இரண்டு நாள் வாட்டில் வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள்.

தங்கச்சி அங்கே தலையில் அடித்துக்கொண்டாள். அவள் காசில்தான் வீட்டில் கெமரா பூட்டியிருக்கிறோம். பின்னேரம் இரண்டு பேரும் போனில் இருந்தபடி ஓடவிட்டுப் பார்த்தோம். ஆறரைக்கு ஒரு ஊசி, எட்டு மணிக்கு முன் ஒரு ஊசி. இரண்டும் அழகாகப் பதிந்திருக்கிறது. இங்கே ஆறரை என்றால் அங்கே இரவு ஒன்பது, அவள் சமைத்துக்கொண்டு நின்றாளாம். பத்தரைக்குக் கொஞ்சம் முன் போனைத் திறந்து இரண்டாவது ஊசியை நேரடியாகவே பார்த்திருக்கிறாள். பிள்ளை நேரத்துக்கு ஊசி போடுகிறாள் என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நித்திரைக்குப் போயிருக்கிறாள்.

இனி நிறுவனம் நடந்துகொண்ட விதம். முதல் போனில் “அம்மா சாப்பிடாம விட்டிருப்பா அங்கிள், வயசானவங்களுக்கு அப்பிடி வரும்” என்றார்கள். கெமரா இருக்கிறது என்று சொன்னதும் குரல் மாறியது. அடுத்த நாள் முதலாளியே எடுத்தார். மிகவும் வருந்துகிறாராம், அந்தப் பிள்ளையை நிறுத்திவிட்டாராம், இன்றைக்கே வேறு ஆள் அனுப்புகிறாராம். எனக்கு அங்கேதான் ஏறியது. தபால் கந்தோரில் ஒரு பதிவுக் கடிதம் தொலைந்தால் தபால்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோவையை மூடுவதில்லை. கடைசியாக யார் கையெழுத்து, யாரிடம் கொடுத்தார், வாங்கினவர் எங்கே கையெழுத்து வைத்தார் என்று ஒவ்வொரு கையாகப் பின்னுக்குப் போவோம். கையெழுத்து எங்கே இல்லையோ கடிதம் அங்கேதான் தொலைந்தது. “உங்கட ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலதான் தம்பி தொலைஞ்சது. அந்தப் பிள்ளய நிப்பாட்டினா நான் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977க்கு எடுத்துச் சொல்லுவன்” என்றேன். இரண்டு நாளில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நின்ற இரண்டு நாளுக்கும் எங்களிடம் காசு வெட்டினார்கள். அவளுக்கு அந்த இரண்டு நாளும் சம்பளம் இல்லை. நாங்கள் கொடுக்கும் 2,800இல் அவள் கைக்குப் போவது 1,500 என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்டது, வாங்கி, பதிவுத் தபால் புத்தகம் மாதிரிக் கோடு போட்டேன். திகதி, மணி, மருந்தின் பெயர், அளவு, போட்டவர் கையெழுத்து. மாறும் நாளில் போகிறவரும் வருகிறவரும் ஒரே வரியில் இரண்டு கையெழுத்து. கொப்பி பிரிட்ஜுக்குள், இன்சுலின் போத்தலுக்கு அடியில் இருக்கிறது. கொப்பி கண்ணில் படாமல் போத்தலை எடுக்க முடியாது. பிள்ளை அதில் தானாக இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறாள். ஊசி போட்டதும் அம்மாவின் இடது கையில் பேனையைக் கொடுக்கிறாள், அம்மா ஒரு கோடு இழுக்கிறா. சில நாள் கோடு அடுத்த நாளின் வரிக்குள்ளும் போய்விடும். மேற்பார்வை நர்ஸ் அந்தக் கொப்பியைப் படம் எடுத்துக்கொண்டு போனா. ஒபீஸில் காட்டினாவாம். கோவை இன்னும் பழைய கோவைதான், மருந்துக் கட்டத்தில் “மணி” என்று ஒரு சொல் மட்டும் சேர்ந்திருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை புள்ளி என்றால் பிள்ளைகளுக்கு நாலரை, நர்ஸுக்கு ஐந்து, வருகிற நாட்களில் மட்டும். ஒபீஸுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் சான்றிதழ்களைக் கேட்ட உடனே தந்ததற்கு. மூன்றையும் கூட்டிப் பிரித்து ஒரு எண் போட மனம் வரவில்லை.

ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஒரு லட்சம் தண்டம் முதல் காரணம், அவளைத் தனியே எடுத்தால் அவளுக்கு லீவு வரும் நாளில் யாரைத் தேடுவது என்பது இரண்டாவது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம் பார்க்க இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறாள். பதில் ஆள் முதல் நாள் பின்னேரமே வந்து ஒரு இரவு அவளோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஒபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். அப்படியென்றால் ஒரு நாள் காசு மேலதிகம் என்கிறார்கள். பாதி தருகிறேன், மீதி உங்கள் கணக்கு என்றேன். கதை அங்கே நிற்கிறது. திங்கட்கிழமை திரும்ப எடுப்பார்களாம்.